வன்னிக்கு ஒரு சட்ட வைத்தியர்

கிளிநொச்சியில் இருந்து ஒரு தகப்பன் கேட்ட கேள்விக்கு இது பதில். அவர் கேட்டது சுருக்கமாக இதுதான்: "என் மகள் யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் படிக்கிறாள். படிப்பு முடிந்ததும் சட்ட வைத்தியத் துறைக்குப் போகப்போகிறேன், வன்னிக்கே திரும்பி வருவேன், சட்டமும் படிக்க வேண்டும் என்கிறாள். சொந்தக்காரர் எல்லாரும் 'பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் பிணம் அறுக்கிற வேலை' என்கிறார்கள். மருத்துவத்தையும் சட்டத்தையும் சேர்த்துச் செய்கிற பொதுச்சேவை என்று உண்மையிலேயே ஒன்று இருக்கிறதா ஐயா? அதை நம்பி ஒரு பிள்ளை தன் வாழ்க்கையைக் கொடுக்கலாமா?"

இருக்கிறது, தம்பி. என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதி அதிலேதான் போனது. 1990களில் வன்னியில் ஒரு சிறிய கிராம வைத்தியசாலையில் தொடங்கி, பிறகு சட்ட வைத்தியத்தில் பயிற்சி எடுத்து, ஓய்வு பெறும்வரை இந்த மண்ணிலேயே வேலை செய்தேன். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் பதில் சொல்லப்போகிறேன்.

முதலில் அந்தப் பிணம் அறுக்கிற கதை. சட்ட வைத்திய அதிகாரியிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் உயிரோடு இருப்பவர்கள். வயல் வரம்புத் தகராறில் மண்வெட்டிப் பிடியால் அடிபட்டவர், ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிளோடு விழுந்தவர், காட்டில் கட்டுத்துவக்கு வெடித்துக் காலில் சன்னம் ஏறியவர், பாடசாலை ஆசிரியை கவனித்துக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு சின்னப் பிள்ளை, விளக்கமறியலுக்குப் போகுமுன் பொலிசார் கொண்டுவந்து நிறுத்திய ஓர் இளைஞன். இவர்கள் எல்லாருக்கும் பொலிஸ் ஒரு படிவம் தரும். சட்ட மருத்துவப் பரிசோதனைப் படிவம் என்று அதற்குப் பெயர். எங்கள் சனம் அதைப் பொலிஸ் துண்டு என்றுதான் சொல்லும். வைத்தியர் பரிசோதித்து, காயம் எத்தனை, எங்கே, என்ன வகை, எந்த ஆயுதத்தால் வந்திருக்கலாம், பாரதூரமா இல்லையா என்று அதில் எழுதவேண்டும். வழக்கு நீதிமன்றத்துக்கு வந்ததும் அந்தக் குறிப்புகளை வைத்து முழு அறிக்கை தயாரிக்க வேண்டும். பிறகு அழைப்பாணை வரும். போய்ச் சாட்சிக்கூட்டில் ஏறிச் சொல்லவேண்டும்.

இந்த மூன்றுக்கும் இடையில் எத்தனை வருடம் போகும் என்பதுதான் விஷயமே. நான் இளம் வைத்தியராக இருந்தபோது செய்த ஒரு பிழையைச் சொல்கிறேன், மகளுக்கும் சொல்லுங்கள். ஒரு மாலை நேரம், தலையில் அடிபட்ட ஒருவரை உழவு இயந்திரப் பெட்டியில் கொண்டுவந்தார்கள். வாட்டில் மலேரியாக் காய்ச்சல்காரர் நிறைந்திருந்தார்கள், வைத்தியர் என்று நான் ஒருவன்தான். இரத்தத்தை நிறுத்தி, கழுவி, தைத்து, படிவத்தில் 'தலையில் ஒரு காயம், தையல் போடப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். அவ்வளவுதான். நீளம் எழுதவில்லை. ஓரம் நேராக இருந்ததா, சிதைந்திருந்ததா என்று எழுதவில்லை. எலும்பு உடைந்ததா என்று பார்க்க எக்ஸ்ரே இல்லை. அது இல்லாததால் பார்க்க முடியவில்லை என்றாவது எழுதியிருக்கலாம். அதையும் எழுதவில்லை.

பல வருடம் கழித்து அந்த வழக்கு எடுக்கப்பட்டது. எங்கள் தண்டனைச் சட்டக்கோவையில் 311ஆம் பிரிவு கடுங்காயம் எது என்று சொல்கிறது. எலும்பு முறிவு அதில் ஒன்று. உயிருக்கு ஆபத்தான காயம் இன்னொன்று. 20 நாட்களுக்குக் கடும் நோவில் இருந்தாலோ, தன் வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் போனாலோ அதுவும் கடுங்காயம். எதிரியின் சட்டத்தரணி எழும்பி, மரியாதையாகத்தான், ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்கு எதற்கும் பதில் இல்லை. காயத்தைத் தைத்து மூடியதும் நான்தான், அதைப் பற்றிச் சொல்லத் தெரியாமல் நின்றதும் நான்தான். பின் வாங்கில் அந்த மனிதர் தன் தழும்பைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தார். வழக்கு சாதாரண காயத்தோடு நின்றுவிட்டது. அன்றைக்கு வாங்கிய ஒரு சிறிய பிளாஸ்ரிக் அளவுகோல் ஓய்வு பெறும்வரை என் மேற்சட்டைப் பையில் இருந்தது.

சட்ட வைத்தியம் என்பது இதுதான், தம்பி. இன்றைக்கு எங்கள் கண்முன்னால் இருப்பதை, பல வருடம் கழித்து அந்த நோயாளியையே பார்த்திராத ஒருவர் வாசித்து விளங்கிக்கொள்ளும்படி எழுதிவைப்பது. காயம் ஆறிப்போகும், தழும்பு மங்கும், சாட்சி வெளிநாடு போய்விடுவார், பொலிஸ் உத்தியோகத்தர் இடமாற்றத்தில் போவார். மிஞ்சுவது அந்தத் தாள். வன்னியில் எத்தனை தடவை வீடு, கச்சேரி, பாடசாலை, வைத்தியசாலை எல்லாம் இடம்பெயர்ந்தன, எத்தனை தாள் எரிந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதனால்தான் வேறெந்த ஊரையும்விட எங்கள் ஊருக்கு இந்த வேலையைக் கருத்தாகச் செய்கிற ஆள் தேவை என்கிறேன்.

எழுதுவதில் இன்னொரு சிக்கல் மொழி. நாங்கள் ஆங்கிலத்தில் படித்து ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுகிறோம். நீதிமன்றம் இங்கே தமிழில் நடக்கிறது. நடுவில் நீதிமன்ற முதலியார் நின்று மொழிபெயர்க்கிறார். பொல்லால் அடித்தால் தோல் கிழிந்து பிளக்கும். ஓரம் சிதைந்திருக்கும், உள்ளே நார்நாராக இழைகள் பாலம் போட்டதுபோல அறாமல் கிடக்கும். அது கிழிவுக் காயம். கத்தி பட்டால் ஓரம் நேராக இருக்கும், இழை ஒன்றும் மிஞ்சாது. அது வெட்டுக் காயம். ஒருமுறை நான் கிழிவு என்ற கருத்தில் சொன்ன ஆங்கிலச் சொல் தமிழில் 'வெட்டுக் காயம்' என்று பதிவாகப் பார்த்தது. அப்படியே போயிருந்தால் பொல்லோடு வந்தவன் கத்தியோடு வந்தவன் ஆகியிருப்பான். நீதவானிடம் அனுமதி கேட்டு, அதைத் தமிழிலேயே விளக்கினேன். அதற்குப் பிறகு என் அறிக்கைகளின் கீழே தமிழ்ச் சொல்லையும் எழுதத் தொடங்கினேன்: உரோஞ்சல், கண்டல், கிழிவு, வெட்டு, குத்து. எல்லாம் வீட்டில் அம்மா சொல்கிற சொற்கள்தான்.

தமிழில் வைத்தியம் சொல்ல முடியாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழில் மருத்துவம் படிப்பித்தவர். 1867இல் 'இரணவைத்தியம்' என்று சத்திரசிகிச்சை நூல் தமிழில் வந்துவிட்டது. மகளுக்கு ஆங்கிலம் வேண்டும், அது சரி. ஆனால் சாட்சிக்கூட்டில் நிற்கும்போது, அடிபட்டவனும் அடித்தவனும் இரண்டு பேருமே விளங்கிக்கொள்ளும் மொழியில் பேசத் தெரிந்த வைத்தியருக்கு இருக்கிற மதிப்பு தனி.

இறந்தவர்களின் விஷயத்துக்கு வருகிறேன். சந்தேகமான மரணம், திடீர் மரணம், விபத்து, விஷம், பாம்புக்கடி, யானை அடித்தது இவை எல்லாவற்றுக்கும் மரண விசாரணை நடக்கவேண்டும் என்பது 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தில் இருக்கிறது. வழமையாகத் திடீர் மரண விசாரணை அதிகாரி அதைச் செய்வார். அவர் வைத்தியராகவோ சட்டத்தரணியாகவோ இருக்கவேண்டும் என்று இல்லை, ஊரில் மதிப்பான ஒருவராக இருப்பார். பொலிஸ் காவலில், சிறையில் நடந்த மரணம் என்றால் நீதவானே நேரில் விசாரிக்க வேண்டும். உடற்கூற்றுப் பரிசோதனை தேவையா என்று அவர்கள் தீர்மானித்துக் கட்டளை தருவார்கள், வைத்தியர் செய்வார்.

பிரேத அறை வாசலில் சனம் வந்து கேட்கும் முதல் வார்த்தை "வெட்டாமல் தாங்கோ ஐயா" என்பதுதான். கேட்கிறவர்களில் பிழை இல்லை. செத்த பிறகும் உடம்பை நோகவிடக்கூடாது என்கிற பாசம் அது. ஆனால் ஒரு சம்பவம் சொல்கிறேன், ஆட்களை அடையாளம் தெரியாதபடி. வயற்காவலுக்குப் போய்க் குடிலில் நிலத்தில் பாய் போட்டுப் படுத்த ஒருவர், நடுச்சாமத்தில் வயிற்றுவலி என்று வீட்டுக்கு வந்தார். விடியுமுன் செத்துப்போனார். உடம்பில் வெளியே தெரிகிற மாதிரி ஒன்றும் இல்லை. புருஷன் பெண்சாதி இரண்டு பேருக்கும் முதல் நாள் சண்டை நடந்தது ஊருக்குத் தெரியும். இரவுச் சாப்பாடு கட்டிக் கொடுத்ததும் அவள்தான். பிரேதம் வைத்தியசாலைக்கு வருமுன்னே ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது.

நான் அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்: "கடைசி நேரம் அவர் கண்ணைத் திறந்து பார்த்தாரா பிள்ளை?" அவள் சொன்னாள், "இல்லை ஐயா, நித்திரை தூங்குகிற மாதிரி இமை விழுந்துகொண்டே இருந்தது, கையால தூக்கித்தான் பார்த்தார். பிறகு கதை குழறிவிட்டது, மூச்சு எடுக்கக் கஷ்டப்பட்டார்." கட்டுவிரியன் கடித்தால் இப்படித்தான். இரவில், நிலத்தில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பெரும்பாலும் நோவும் இருக்காது, வீக்கமும் இருக்காது, பல் அடையாளம் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும். வயிற்றுவலி வரும், இமை சரியும், கடைசியில் சுவாசத் தசை நின்றுவிடும். அதற்குப் பிறகு வெளிச்சம் பிடித்து, உள்ளங்காலில் இருந்து விரல் இடுக்கு விரல் இடுக்காகத் தேடினேன். இடது கைச் சின்னி விரலுக்குப் பக்கத்தில் குண்டூசி முனை அளவில் இரண்டு புள்ளி. தோலைக் கீறிப் பார்த்தால் கீழே ஒரு சொட்டு இரத்தக்கசிவு. இரைப்பையில் சந்தேகத்துக்கு இடமான ஒன்றும் இல்லை. இருந்தாலும் மாதிரி எடுத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்பினேன், அதிலும் நஞ்சு இல்லை என்று வந்தது. அன்றைக்கு வெட்டாமல் கொடுத்திருந்தால் அந்தப் பெண் இரண்டு பிள்ளைகளோடு அந்த ஊரில் இருந்திருக்க முடியாது. உங்கள் சொந்தக்காரருக்கு இதைச் சொல்லுங்கள். பிரேத அறையில் நாங்கள் வேலை செய்வது உயிரோடு இருப்பவர்களுக்காகத்தான்.

எந்த நேரத்தில் செத்தார் என்று பொலிசும் சட்டத்தரணியும் கேட்பார்கள். சினிமாவில் வருகிற மாதிரி மணிக்கணக்காகச் சொல்ல முடியாது. 1951இல் கொழும்பில் கிரிக்கெட் வீரர் மகாதேவ சதாசிவத்தின் மனைவி கொல்லப்பட்ட வழக்கில் இந்தக் கேள்விதான் பெரிய விவாதமாக வந்தது. இந்த நாட்டின் சட்ட வைத்தியத்தில் முன்னோடியான பேராசிரியர் ஜீ. எஸ். டபிள்யூ. டி சேரம் ஒரு பக்கம், எதிரித் தரப்பில் எடின்பரோவின் சேர் சிட்னி ஸ்மித் மறுபக்கம். உடற்சூடு எந்த வேகத்தில் இறங்கும் என்பதில் ஆரம்பித்து எல்லாவற்றையும் அலசினார்கள். 1953இல் சதாசிவம் விடுதலையானார். குளிர்நாட்டில் எழுதிய கணக்கு எங்கள் வெக்கைக்குப் பொருந்தாது என்று டி சேரமும், கதிர்காமத்தம்பி உள்ளிட்ட அவருடைய சகாக்களும் பிறகு எங்கள் காலநிலையிலேயே அளந்து ஓர் ஆய்வும் எழுதினார்கள். சித்திரை வைகாசியில் முல்லைத்தீவில் வெயிலில் கிடந்த உடம்பு ஆறவே ஆறாது. இரண்டு பெரிய மனிதர்கள் ஒரே உடம்பை வைத்து நேர்மையாகவே வேறு வேறு கருத்துச் சொல்லலாம். வைத்தியர் எந்தப் பக்கத்துச் சாட்சியும் இல்லை, நீதிமன்றத்தின் சாட்சி. தெரிந்ததைச் சொல்லவேண்டும், 'இதற்கு மேல் சொல்ல முடியாது' என்றும் கூச்சமில்லாமல் சொல்லவேண்டும்.

உயிரோடு வருகிறவர்களில் இரண்டு வகையானவர்கள் என் மனதை விட்டுப் போகாதவர்கள். ஒன்று, "கிணற்றடியில் வழுக்கி விழுந்திட்டன்" என்று சொல்லிக்கொண்டு வரும் பெண்கள். விழுந்தால் முழங்கை, முழங்கால், உள்ளங்கை உரோஞ்சும். முன்கையின் வெளிப்பக்கத்தில், அடியை மறித்த மாதிரிக் கண்டல் வராது. பழையது மஞ்சளாக, புதியது சிவப்பாக, வேறு வேறு நாட்களின் நிறத்தில் பக்கம் பக்கமாகக் கிடக்காது. புருஷன் வெளியே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டு இருப்பான். அவனை ஏதாவது மருந்து வாங்கிவர அனுப்பிவிட்டு, கதிரையை அருகில் இழுத்துப் போட்டுக் கேட்கவேண்டும். சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி, அவள் சொன்னதை அவள் சொன்னபடி ஓர் இடத்திலும், நாங்கள் கண்டதைக் கண்டபடி இன்னோர் இடத்திலும் எழுதவேண்டும். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் முதலில் 14 நாள் இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை தரலாம், பிறகு 12 மாதம் வரைக்கும் தரலாம். அந்த 14 நாளை அவளுக்கு எடுத்துக் கொடுப்பது பல நேரம் எங்கள் குறிப்புத்தான். ஆனால் அவளுடைய சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக்கூடாது. பொலிஸ் துண்டு இருக்கிறது என்பதற்காகத் தொட முடியாது.

இந்த வேலைக்குப் பெண் வைத்தியர் எவ்வளவு தேவை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். நான் எத்தனை கனிவாகக் கேட்டும் வாய் திறக்காத பிள்ளைகள், என்னோடு வேலை செய்த ஒரு தாதி உள்ளே வந்ததும் அழத் தொடங்கியதைக் கண்டிருக்கிறேன். "பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன்" என்று கேட்கிறார்கள் அல்லவா, அந்தக் கேள்விக்கு என் பதில் இதுதான்.

மற்றது, காவலில் இருந்து கொண்டுவரப்படுகிறவர்கள். உத்தியோகத்தர் கூடவே அறைக்குள் நிற்பார். "காயம் ஒன்றும் இல்லைத்தானே டொக்டர்" என்று சிரித்துக்கொண்டு கேட்பார். மரியாதையாக அவரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்தி, சட்டையைக் கழற்றச் சொல்லி, முதுகு, உள்ளங்கால், மணிக்கட்டு எல்லாம் பார்க்கவேண்டும். சித்திரவதை குற்றம் என்று 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது, அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை சொல்கிறது. அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் போடவேண்டும். ஒரு மாதத்தில் கண்டல் மறைந்துவிடும். அதனால் அன்றைக்கு அந்தக் கதவைச் சாத்துகிற துணிவு ஒரு வைத்தியரிடம் இருந்ததா இல்லையா என்பதில்தான் அந்தப் பையனின் மனு நிற்கும். எனக்கு எப்போதும் அந்தத் துணிவு இருந்தது என்று சொல்லமாட்டேன். இருந்த நாட்களில் நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

போர்க்காலத்தைப் பற்றிச் சொல்லாமல் போகவும் முடியாது, எல்லாவற்றையும் சொல்லவும் முடியாது. அந்த வருடங்களில் கிளிநொச்சியில் அரச நீதிமன்றம் இயங்கவில்லை, புலிகளின் நீதிமன்றங்கள்தான் இருந்தன. வைத்தியசாலைகளும் வைத்தியர்களும் மட்டும் அரச சுகாதார சேவையைச் சேர்ந்தவர்களாகவே இருந்தோம். 2009இல் கிளிநொச்சிப் பிராந்தியப் பணிப்பாளர் த. சத்தியமூர்த்தி, முல்லைத்தீவுப் பிராந்தியப் பணிப்பாளர் து. வரதராஜா, வைத்தியர் வீ. சண்முகராஜா போன்றவர்கள் புதுக்குடியிருப்பு, புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று இடம் மாறி மாறி, பாடசாலைக் கட்டடத்திலும் தறப்பாளின் கீழும் காயக்காரருக்கு வைத்தியம் பார்த்தார்கள். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் இறந்தார்கள், என்ன மருந்து இல்லை என்று எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். மே மாதம் தடுத்துவைக்கப்பட்டு ஓகஸ்ட் கடைசியில்தான் பிணையில் வெளியே வந்தார்கள். அந்த நேரத்தில் ஒரு வைத்தியரின் கையில் இருந்த பேனாவுக்கு என்ன பாரம் இருந்தது என்று நினைத்துப் பாருங்கள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் எலும்புகளின் காலம். 2013 டிசம்பரில் திருக்கேதீச்சரத்துக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குழாய் பதிக்க வெட்டியபோது மனித எலும்புகள் வந்தன. 80க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள். 2018இல் மன்னார் நகரில் சதொச கட்டடம் கட்டத் தோண்டிய மண்ணில் வந்தன, முந்நூறுக்கும் மேல். 2023 ஜூன் கடைசியில் கொக்குத்தொடுவாயில், இதுவும் குழாய் பதிக்கத்தான், 2024 வரை கட்டம் கட்டமாக அகழ்ந்து 52 பேரின் எச்சங்களை எடுத்தார்கள். மூன்றும் தேடிப்போய்க் கண்டவை அல்ல. வேறு எதற்கோ வெட்டப்போய்த் தற்செயலாக வந்தவை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

இப்படி ஓர் இடம் வெளிப்பட்டால் நீதவான் கட்டளையின் கீழ்த்தான் ஒவ்வொரு பிடி மண்ணும் எடுக்கப்படும். சட்ட வைத்திய அதிகாரியும் தொல்லியலாளரும் சேர்ந்து வேலை செய்வார்கள். மன்னாரிலும் கொக்குத்தொடுவாயிலும் தொல்லியல் பக்கத்தைப் பேராசிரியர் ராஜ் சோமதேவ பார்த்தார். பேக்கோவால் அள்ளிவிட முடியாது. தூரிகையும் மூங்கில் குச்சியும் வைத்து, எலும்பு கிடந்த கிடையிலேயே படம் எடுத்து, ஆழம் அளந்து, எண் கொடுத்துத்தான் தூக்கவேண்டும். இடுப்பெலும்பு ஆணா பெண்ணா என்று சொல்லும். எலும்பு முனைகள் ஒட்டியிருக்கிற விதத்தில் வயது தெரியும், தொடை எலும்பின் நீளத்தில் உயரம் தெரியும். துணித்துண்டு, பொத்தான், ஆளை அடையாளம் காட்டுகிற இலக்கத் தகடு எல்லாம் தனித்தனிப் பொதி. கொக்குத்தொடுவாயில் அப்படி இலக்கத் தகடுகளும் வந்தன.

மன்னார் எலும்பின் மாதிரிகளை அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள். 1404க்கும் 1635க்கும் இடைப்பட்டவை என்று 2019இல் முடிவு வந்தது. வாசலில் படத்தோடு நின்ற தாய்மாருக்கு அந்த முடிவை ஏற்க மனம் வரவில்லை. இன்னும் மாதிரிகளை அனுப்பிப் பாருங்கள் என்று கேட்டார்கள். கேட்க அவர்களுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது. சட்ட வைத்தியர் அந்த இடத்தில் அவர்களுக்கு முன்னால் நின்று, பரிசோதித்த மாதிரி என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்று பொறுமையாக விளக்கவேண்டும். அதுவும் வேலைதான். அறிக்கையை நீதிமன்றத்தில் கொடுத்துவிட்டுப் பின்கதவால் போவது சேவை இல்லை.

இந்த எலும்புகளுக்குப் பெயர் வரவேண்டும் என்றால் உயிரோடு இருந்த காலத்தின் தாள் வேண்டும். ஒரு தாய் என்னிடம் பழைய கிளினிக் கொப்பி ஒன்றைக் கொண்டுவந்தா. மழையில் நனைந்து மை பரவி, ஓரமெல்லாம் கறையான் அரித்து, சொப்பிங் பையில் சுற்றி வைத்திருந்தா. மகனுடைய வலது காலில் முறிவுக்குத் தகடு வைத்தது அதில் ஒரு வரியில் எழுதியிருந்தது. எந்தத் தாதியோ எந்த வைத்தியரோ, அவசரத்தில் எழுதிய ஒரு வரி. அந்தக் கொப்பியைப் பிரதி எடுத்து, பத்திரமாக வைக்கச் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். இரத்த உறவுகளின் மரபணு மாதிரியும் இப்படியான தாளும் சேராவிட்டால் எலும்பு எண்ணாகவே பெட்டிக்குள் இருந்துவிடும். 2010ஆம் ஆண்டுச் சட்டம் காணாமல் போனவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்க வழி செய்தது. 2016இல் அதைத் திருத்தி, இறந்தார் என்று சொல்லாமல் காணக்கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்கிற சான்றிதழும் கொண்டுவந்தார்கள். காணியும் வங்கிக் கணக்கும் தடைப்பட்டு நிற்கிற குடும்பத்துக்கு அது உதவும். மகனைச் செத்தவன் என்று கையெழுத்து வைக்க மனமில்லாத அம்மாவிடம் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை யாராவது இருந்து விளக்கவேண்டும். என் அறைக்கு அதற்காகவே வந்தவர்கள் நிறையப் பேர்.

மருத்துவமும் சட்டமும் சேர்ந்தால் எத்தனை உயிர் தப்பும் என்பதற்கு இன்னும் ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் இது வயல் ஊர்களின் கதை. 1995இல் இலங்கையில் லட்சத்துக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். பத்து வருடத்தில் அது பாதியாக இறங்கியது. ஒரு புதிய மருந்து வந்து இறங்கவில்லை. எந்தப் பூச்சிநாசினி ஆட்களைக் கொல்கிறது என்று வாட்டுகளிலும் பிரேத அறைகளிலும் வைத்தியர்கள் எழுதிய கணக்கை வைத்து, 1980ஆம் ஆண்டின் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் மிகக் கொடிய நஞ்சுகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். 2008 தொடக்கம் 2011 வரையில் பரகுவாட் என்ற களைநாசினியும் இன்னும் இரண்டு பூச்சிநாசினிகளும் நிறுத்தப்பட்டன. கோபத்திலோ துக்கத்திலோ ஒரு நிமிடம் தடுமாறியவர் தப்பிப் பிழைத்து, இன்றைக்கு எங்களோடு சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு நிற்கிறார். எந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவும் இத்தனை பேரைக் காப்பாற்றியதில்லை என்பது என் எண்ணம்.

சரி, மகளுக்கு வழி. மருத்துவப் பட்டத்துக்கு 5 வருடம், பிறகு ஒரு வருட உள்ளகப் பயிற்சி, மருத்துவ சபைப் பதிவு, நியமனம். சட்ட வைத்தியத்தில் டிப்ளோமாவும் எம்டி பட்டமும் கொழும்பில் உள்ள பட்டப்பின் மருத்துவ நிறுவனம் நடத்துகிறது. விசேட நிபுணர் ஆவதற்கு வெளிநாட்டுப் பயிற்சியும் இருக்கிறது. அதுவரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. மல்லாவி, அக்கராயன், முழங்காவில், தர்மபுரம் மாதிரி வைத்தியசாலைக்கு நியமனம் கிடைத்த முதல் நாளே பொலிஸ் துண்டு அவள் மேசைக்கு வரும்.

சட்டப் பட்டத்தை முதலில் எடுக்கவேண்டாம் என்பது என் யோசனை. திறந்த பல்கலைக்கழகத்தில் வேலை செய்துகொண்டே சட்டமாணி படிக்கலாம், சில வைத்தியர்கள் படித்தும் இருக்கிறார்கள். ஆனால் இரண்டு பட்டத்துக்கும் ஒரே நேரத்தில் ஓடினால் இரண்டிலும் அரைகுறை. இப்போதைக்குத் தண்டனைச் சட்டக்கோவையில் காயம் பற்றிய பிரிவுகள், சாட்சியக் கட்டளைச் சட்டத்தில் நிபுணர் கருத்துக்கான 45ஆம் பிரிவு, மரண வாக்குமூலத்துக்கான 32ஆம் பிரிவு, மரண விசாரணை அத்தியாயம், இவ்வளவும் போதும். ஒரு கிழமை இருந்து வாசிக்கலாம். மரண வாக்குமூலம் என்றால் சாகப்போகிறவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே, தமிழிலேயே எழுதி, அந்த நேரம் அவருக்கு நினைவு தெளிவாக இருந்ததா என்று சேர்த்து எழுதவேண்டும். இதைப் பட்டம் இல்லாமலே இன்றைக்கே பழகலாம்.

கஷ்டங்களும் உண்டு. சம்பளம் தனியார் கிளினிக் நடத்துகிற சத்திரசிகிச்சை நிபுணருக்கு வருவதில் ஒரு பங்கும் வராது, இந்தத் துறைக்குத் தனியார் தொழில் கிடையாது. இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போய் நீதிமன்ற வாசலில் காத்திருந்தால் தவணை போட்டு அனுப்புவார்கள். சின்னப் பிள்ளைகளின் வழக்குகள் வீட்டுக்குக் கூடவே வரும். என் மனைவி பல இரவு நான் சாப்பிடாமல் எழும்பிப் போனதைப் பார்த்திருக்கிறா. மகள் இதையெல்லாம் முன்கூட்டியே தெரிந்துகொண்டு வரட்டும்.

அடுத்த விடுமுறைக்கு அவள் வீட்டுக்கு வரும்போது, ஒரு வேலை நாளில் கிளிநொச்சி நீதவான் நீதிமன்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். திறந்த நீதிமன்றம், யாரும் பின் வாங்கில் இருந்து பார்க்கலாம். காலை 9 மணிக்கு முன்னே போனால் இடம் கிடைக்கும். வைத்தியர் சாட்சி சொல்கிற வழக்கு வந்தால், வைத்தியரைப் பார்க்காமல் அடிபட்டவரின் முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு என்னோடு கதைக்க விரும்பினால் அவளை வரச்சொல்லுங்கள். என்னுடைய பழைய குறிப்புக் கொப்பிகளும் அந்த அளவுகோலும் இன்னும் அலுமாரியில்தான் இருக்கின்றன.